கயல் எடுத்துக்கொண்டு போன எழுத்து

ஜூன் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். விழுப்புரத்தில் ஜூன் மாதம் தன் பெயரை மே என்று மாற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறது போலும்.

வெண்பா எல்.கே.ஜி. சேர்ந்து ஒரு வாரம். நாலு வயது. ஒரே மகள். நோட்டில் மிஸ்ஸின் குறிப்பு: ‘வீட்டில் எழுத்துகளையும் அவற்றின் ஒலியையும் பழக்கவும்.’ கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம். போட்டேன். கையெழுத்துப் போட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி. பதினேழு வருடத் தாலுகா ஆபீஸ் பழக்கம்.

மாலை, ஆபீஸ் முடிந்து திண்டிவனத்தில் ரயில் ஏறுமுன் சுவரில் மாட்டும் எழுத்துப் படம் ஒன்று வாங்கினேன். அ – அம்மா: நகைக்கடை விளம்பரத்துக்குக் கிளம்பியவர். ஐ – ஐவர்: மீசை வைத்த ஐந்து பேர், யாருக்கோ காத்திருக்கிறார்கள். ஔ – ஔடதம்: ஒரு குப்பி. மனைவி சுமதிக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை. குப்பியைப் பார்த்தாள்.

“எட்டு வருசமா கடையில நிக்கிறேன். ஒருத்தர்கூட இதக் கேட்டதில்லங்க.”

வெண்பாவிடம் அ-வைக் காட்டினேன். “அம்மா” என்றாள். படத்தைக் கையால் மூடிவிட்டு எழுத்தை மட்டும் காட்டினேன்.

“இது?”

“ஒன்னுமில்ல.”

ஜூன் 10, செவ்வாய்

போனில் ஒலிப் பயிற்சி வீடியோ. ஒரு கரடி, ஒரு முயல், ஒரு அமெரிக்கக் குரல். வெண்பா இருபது நிமிடம் கண் இமைக்கவில்லை. முடிந்ததும் கற்றது என்ன என்று கேட்டேன். கரடி போல நடந்து காட்டினாள். நன்றாகவே நடந்தாள்.

வாங்க வேண்டியவை: மின்விசிறி கண்டென்சர், தோசை மாவு, பொறுமை.

ஜூன் 11, புதன்

ரயில் மயிலம் தாண்டும்போது ஒரு யோசனை. இவளுக்கு எழுத்து பிடிக்காது, ஆட்களைப் பிடிக்கும். எழுத்தை ஆளிடம் ஒப்படைத்துவிட்டால்?

எங்கள் காம்பவுண்டில் கீழே மூன்று போர்ஷன், மாடியில் வீட்டுக்காரர் பாக்கியம் அக்கா. மாலையே சாக்பீஸோடு வேலையில் இறங்கினேன். பக்கத்துப் போர்ஷன் கதவில் க. அங்கே கயல் இருக்கிறாள். ஐந்து வயது, யு.கே.ஜி., வெண்பாவின் உயிர்த்தோழி, அவ்வப்போது உயிர்ப்பகை. கோடி போர்ஷனில் ஆட்டோ ஓட்டும் மணி. அவர் கதவில் ம. மாடியில் ப. எங்கள் கதவில் வ. வெண்பா என்ற பெயருக்குக் கொம்பும் வேண்டும். பிறகு முளைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெயர் வைத்த அன்று நான் எல்.கே.ஜி.யைப் பற்றி யோசிக்கவில்லை.

பாக்கியம் அக்கா மொட்டை மாடியில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) காயவைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“இன்னா சார், பொங்கலுக்குத்தான் பெயிண்ட் அடிச்சேன்.”

“ப உங்களோட எழுத்துக்கா.”

சற்று நேரம் பார்த்தார். “அத இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு.”

ஜூன் 12, வியாழன்

அபாரம். நான் ஒலியைச் சொன்னால் இரண்டு பெண்களும் ஓடிப்போய் அந்தக் கதவைத் தொட வேண்டும். “ம்ம்ம்” என்றால் மணி வீடு. அவர் தன் ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம் அதுதான் என்று விளக்கம் கொடுத்தார். “ப்ப்” என்றால் படியேறி ஓட்டம். படத்தாலும் கரடியாலும் முடியாதது. ஒரே மாலையில் நான்கு எழுத்து. ட-வுக்கு ஆள் இல்லை. எதிர் டீக்கடைக்குக் கொடுத்தோம். ங-வை ஏற்க யாரும் முன்வரவில்லை. நிலுவை.

சுமதியிடம் கல்வி முறையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

வெற்றியோடு நிறுத்தியிருக்கலாம். ஆபீஸிலிருந்து ஸ்டாம்ப் பேடு கொண்டுவந்தேன். நாற்பது பக்க நோட்டு. பக்கத்துக்கு ஓர் எழுத்து, கீழே உரியவரின் கட்டைவிரல் ரேகை. நிலத்துக்குப் பட்டா கொடுப்பது என் தொழில், எழுத்துக்கும் கொடுத்தேன். மணி சிரித்துக்கொண்டே விரல் வைத்தார். பாக்கியம் அக்கா மாடிக்கும் சேர்த்து இரண்டு முறை வைத்தார்.

கயல் விரலை வைத்துவிட்டு நெடுநேரம் அந்த நீல ரேகையைப் பார்த்தாள்.

“இனிமே க என்னோடதா மாமா?”

“உன்னோடதேதான்.”

“வேற யாரும் எடுக்க முடியாதா?”

“கலெக்டரே வந்தாலும் முடியாது.”

இதைக் குறித்துவைக்கிறேன். பின்னால் தேவைப்படலாம்.

கயலின் அம்மா ரேவதி, நர்ஸ், வாசலில் நின்று சிரித்தாள். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மாறுதல். ஞாயிறு வீடு மாறுகிறார்கள். கயலின் அப்பா ஸ்ரீபெரும்புதூரில் வேலை, வாரம் ஒரு நாள் வருவார். அவருக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான். பெண்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் இருவருக்கும் ஞாயிறு என்பது எப்போது என்று தெரியாது.

ஜூன் 14, சனி

ஆபீஸ் லீவு. வீட்டில் வழக்கு.

இளஞ்சிவப்பு சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது.

“நீதான் ஒடச்ச.” இது கயல்.

“நான் ஒடக்கல. அதுவே ஒடஞ்சிக்கினுச்சு.”

“பொய்யி! நாளைக்கி நான் ஊருக்குப் போறேன். என் க-வையும் எடுத்துக்கினு போறேன். நீ சொல்லவே கூடாது. மாமாவே சொல்லிச்சு, என்னோடதுன்னு.”

கவுனின் ஓரத்தைக் குழாய்த் தண்ணீரில் நனைத்தாள். தன் வீட்டுக் கதவிலிருந்த க-வைத் துடைத்தாள். நுனிக்காலில் எம்பி, மிச்சம் வைக்காமல்.

வெண்பா என்னைப் பார்த்தாள். கயலும் பார்த்தாள். செல்லுபடியாகும் ஆவணம் ஒரு பக்கம், பெற்ற மகள் ஒரு பக்கம். அனுபவமுள்ள அதிகாரி இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வாரோ அதையே செய்தேன். “ரெண்டு பேரும் சாப்பிட வாங்க” என்றேன்.

ஒருத்தியும் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சாமான் ஏற்ற ஒரு சின்ன யானை வண்டி. கட்டில், ஃப்ரிட்ஜ், சிலிண்டர், துளசித் தொட்டி. கயல் முன் சீட்டில். “டாட்டா மாமா, டாட்டா அத்த.” அவ்வளவுதான். எங்கள் உள்ளறைப் பக்கம் திரும்பவே இல்லை.

வெண்பா கட்டிலுக்கு அடியில். சுமதி குனிந்து கூப்பிட்டுப் பார்த்தாள். வண்டி சத்தம் மறைந்த பிறகுதான் வெளியே வந்தாள். தலையில் ஒட்டடை.

கண்டென்சர் மாற்றினேன். மின்விசிறி முன்பைவிட மெதுவாகச் சுற்றுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

சுமதிதான் முதலில் கவனித்தாள். வெண்பா க-வில் தொடங்கும் எந்தச் சொல்லையும் வாயால் சொல்வதில்லை. கத்திரிக்காய் என்பதில்லை, நஷ்டமில்லை, முன்பும் சாப்பிட்டதில்லை. கேப்பைக் கூழ் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறாள். குளிக்கிறாயா என்றால் பதிலே இல்லை. இதில் கொஞ்சம் சுயநலமும் இருக்கலாம்.

சோதித்துப் பார்த்தேன்.

“பாப்பா, மதில் மேல என்ன?”

காக்கையை நன்றாகப் பார்த்தாள். “மொட்ட மாடில வர்ற பறவ.”

“பேரு?”

“தெரியும். சொல்ல மாட்டேன்.”

“மூக்குன்னு மட்டும் சொல்றியே. அதுல க இல்லையா?”

“அது நடுவுல ஒளிஞ்சிக்கினு இருக்கு. அவளுக்குத் தெரியாது.”

பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துச் சொன்னேன். எழுத்து யாருக்கும் சொந்தமில்லை, ஊர் ஏரி மாதிரி, எல்லாரும் தண்ணி எடுக்கலாம். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப ஏன் வெரல் வெக்கச் சொன்ன?”

ஆபீஸில் இந்தக் கேள்விக்கு ‘மேலிடத்து உத்தரவு’ என்போம்.

ஜூன் 19, வியாழன்

மதியம் மிஸ்ஸின் போன். நல்ல பெண், பதற்றக்காரி.

“சார், பாப்பா ம, ப, வ எல்லாம் சூப்பரா சொல்றா. க-ன்னா மட்டும் வாயக் கையால மூடிக்கிறா. நாக்குல ஏதாவது பிரச்சினையா சார்? பாண்டியில ஸ்பீச் தெரபி பண்றவங்க இருக்காங்க. ஒரு தபா காட்டிடுங்க.”

“நாக்கு நல்லா இருக்குங்க. அந்த எழுத்து இப்ப திண்டிவனத்துல இருக்கு.”



“சார்... ரெண்டு பேருமே வந்து என்னைப் பாருங்க சார்.”

இரவுச் சாப்பாட்டில் சுமதி: “ஊர்ல எல்லாரும் புள்ளைக்கு எழுத்து சொல்லித் தருவாங்க. நீங்க ஒருத்தர்தான் இருந்த எழுத்தையும் புடுங்கிக்கினீங்க.”



ஜூன் 20, வெள்ளி

ஷூ மாட்டும்போது வெண்பா வந்து எதிரில் நின்றாள்.

“ப்பா, உன் ஆபீஸு திண்டிவனந்தானே?”

“ஆமா.”

“அவ வூடும் திண்டிவனந்தானே?”

“ஆமா.”

“அப்ப வாங்கிக்கினு வா.”

எதை என்று சொல்லவில்லை. சொல்ல முடியாதே.

ஆபீஸில் ஜமாபந்தி. வருடத்துக்கு ஒரு முறை கிராமக் கணக்கையெல்லாம் மேசையில் பரப்பி, ஊர் மொத்தமும் வரிசையில் நின்று மனுக் கொடுக்கும் திருவிழா. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒருவர். அவருடைய நிலம் எங்கள் தாலுகாவிலேயே இல்லை. சொன்னேன். “பரவால்ல சார், வந்தது வந்துட்டேன், வாங்கிக்குங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. போகவில்லை.

வீட்டில்: “வாங்குனியா?”

“இன்னிக்கு ஆபீஸ்ல கூட்டம் பாப்பா.”

தலையாட்டினாள். மனுதாரர்கள் எங்களிடம் ஆட்டுகிற அதே ஆட்டம்.

ஜூன் 23, திங்கள்

அவமானம். சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்றும் போகவில்லை. திரும்பும் ரயிலில் ஒரு மனுத்தாளின் பின்பக்கம், இடது கையால், கோணல்மாணலாக ஒரு க எழுதினேன். ஐந்து வயதுப் பெண் எழுதியது போலவே இருந்தது. விக்கிரவாண்டியில் ஏறிய வேர்க்கடலைக்காரர் எட்டிப் பார்த்து, “பசங்களோடதா சார்?” என்றார். ஆமாம் என்றேன். அவரிடமும் பொய்.

வெண்பாவிடம் கொடுத்தேன். “கயல் குடுத்தா.”

தாளை இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு போய்விட்டது.

“இது நீ எழுதுனது.”

“இல்லியே.”

“அவ எழுதுனா வயிறு பெருசா இருக்கும். இதுக்கு வயிறே இல்ல.”

அழவில்லை. தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். போலிப் பத்திரங்களைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஆபீஸில் பெயர் உண்டு. இத்தனை சீக்கிரம் நான் ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தூறல். முற்றத்தில் மண்வாசனை. மாடியில் மல்லாட்டையை வாரப் பாக்கியம் அக்காவின் கூச்சல்: “ஜல்தி ஜல்தி! நனைஞ்சா போச்சி!” எல்லாரும் ஓடினோம். வெண்பாவும் ஒரு கிண்ணத்தோடு. பாதி வாரினாள், பாதி தின்றாள்.

பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் ஷூவுக்குப் பக்கிள் போடக் குனிந்தேன். என் தலைக்கு மேலே குரல்.

“ப்பா. அவளுக்கு என்ன புடிக்கலையா?”

“ஏன் பாப்பா?”

“அதான் எடுத்துக்கினு போயிட்டா.”

பக்கிளைத் தப்புத் துளையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். இத்தனை நாளாக நான் எழுத்துப் பிரச்சினை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. ஸ்டேஷன் போகும் வழியெல்லாம் மேல்மலையனூர் பஸ்ஸுக்கு ஜனம். ஆபீஸில் பாதிப் பேர் லீவு, அம்மனுக்கு வேண்டுதலாம். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். சொல்லி வைத்த மாதிரி பத்தே நிமிடம்.

ரேவதி வார்டில் இருந்தாள். யாருக்கு என்ன என்று பதறிவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். ஊசி டிரேயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

“கயலும் சரியில்லண்ணா. புது ஸ்கூல்ல யார்கிட்டயும் சேர மாட்றா. சாயந்தரமானா வாசல்லயே உக்காந்துக்கினு இருக்கா. ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப். பாப்பாவ இட்டுக்கினு வாங்க.”

பத்து நிமிட நடைக்கு எனக்குப் பத்து நாள் ஆகியிருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு, ஒன்பது மணி பஸ். மூவரும். சுமதி கையில் முறுக்கு டப்பா. வெண்பாவுக்கு ஜன்னலோரம். வழியில் கேட்டாள்: “அவ தர மாட்டேன்னா இன்னா பண்றது?”

“திரும்பி வந்துடலாம்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

பஸ் எங்கள் ஆபீஸைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் ஒருவர் மனுவோடு நின்றார்.

ரேவதி வீடு மாடியில். குறுகிய படி. வெண்பா முதலில் ஏறினாள், கடைசிப் படியில் நின்றுவிட்டாள். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். நீலக் கதவு. அதில் ஒரு முழம் உயரத்துக்குச் சாக்பீஸில் வ. பல தடவை மேலே மேலே எழுதித் தடித்திருந்தது.

ரேவதி கதவைத் திறந்தாள். “வந்த அன்னிக்கே எழுதிட்டாண்ணா. வெண்பாவோடதாம். தொடச்சா ஒரே பேஜாரு. வாடகைக்கு விடுறீங்களான்னு ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க.”

கயல் அம்மாவின் நைட்டிக்குப் பின்னால். ஒரு கண் மட்டும் தெரிந்தது.

வெண்பா கதவுக்கு அருகே போனாள். எழுத்தைத் தொட்டாள்.

“இது என்னோடது.”

“தெரியும்” என்றது கண்.

“ஏன் எடுத்துக்கினு வந்த?”

“நீ வரல இல்ல. அதான்.”

 

கயல் வெளியே வந்தாள். “என்னோடத நீ வெச்சிக்கினியா?”

“நீதான் தொடச்சிட்டியே.”

“அது கதவுல இருந்தது மட்டுந்தான்” என்றாள் கயல், இதுகூடத் தெரியாதா என்பது போல.

வெண்பா யோசித்தாள். என்னைப் பார்க்கவில்லை, இனி இந்த விஷயத்தில் என் கருத்தைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறாள் என நினைக்கிறேன். இரண்டும் மொட்டை மாடிக்கு ஓடின.

நாங்கள் காபி குடித்தோம். மேலே தடதடவென்று ஓட்டம். பிறகு கேட்டது.

“கயல்! ஏய் கயலு! கயலு இங்க வாயேன்! கயல் காக்கா பாரு! கயல்!”

சுமதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினைந்து நாள் நிலுவை ஒரே மூச்சில் தீர்ந்தது. பிறகு சண்டையும் வந்தது, வாளியை முன்னிட்டு. சண்டையையும் பெயர் சொல்லியே போட்டாள்.

சாயங்காலப் பஸ்ஸில் தூங்கிவிட்டாள். கை முழுக்கச் சாக்பீஸ். என் சட்டையிலும்.

ஜூன் 30, திங்கள்

வெயில் திரும்ப வந்துவிட்டது. ரயில் இருபது நிமிடம் தாமதம்.

நோட்டில் மிஸ்ஸின் குறிப்பு: ‘க மிக நன்றாக வருகிறது. தெரபி பலன் தந்துள்ளது. தொடரவும்.’ பெற்றோர் கையெழுத்து. காலையில் போட வேண்டும். எழுத்து யாருக்கும் சொந்தமில்லை என்று இந்த வாரம் மறுபடி ஒரு முறை விளக்கலாமா என்று சுமதியிடம் கேட்டேன். கரண்டியைக் காட்டினாள்.

இதற்கு முன் நடந்ததை விட்டுவிட்டேன். மாலை ஏழு மணிக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் கதவு சாத்தியிருந்தது. அதில் வ இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம். அதன் மேல் புதிதாக ஒரு க. மணி ஆட்டோவைத் துடைத்தபடி, “இன்னா சார், வூடு மாத்திக்கினீங்களா?” என்றார்.

கதவைத் தட்டினேன்.

“யாரு?” உள்ளே வெண்பா.

“அப்பா.”

“இது கயல் வூடு. உங்களுக்கு யாரு வேணும்?”

“வெண்பா இருக்காங்களா?”

“அவங்க திண்டிவனத்துல இருக்காங்க” என்றது குரல். “ஞாயித்துக்கெழம வாங்க.”